தொடை வலி இருந்ததாக நோயாளி கூறவில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு நான்கு பக்க மருத்துவக் கட்டுரையிலிருந்து எடுத்தது. மருத்துவர்கள் மட்டுமே படிக்கும் ஒரு பத்திரிகையில் அச்சாகப்போகிற கட்டுரை. அபூர்வமான ஒரு குடல் அடைப்பு, அதைக் கண்டுபிடித்த விதம், செய்த அறுவை சிகிச்சை, விளைவு. விளைவு என்ற தலைப்பின் கீழ் ஒரே வரிதான் இருக்கிறது: அறுவைக்குப் பின் ஒன்பதாம் நாள் நோயாளி இறந்தார். அந்த நோயாளி என் அம்மா.

கட்டுரை அச்சாக வேண்டுமானால் பிள்ளைகள் இருவரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா போட்டுவிட்டாள். தாள் என் மேசைக்கு வந்து பதினொரு நாளாகிறது. கையெழுத்துப் போடாமல் நான் உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் ஒரு நாளிதழில் துணையாசிரியர். நிருபர்கள் நீட்டி முழக்கி எழுதி அனுப்புவதை வெட்டி, கொடுத்த இடத்துக்குள் அடக்குவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. அலுவலகத்தில் எனக்குக் கத்திரி என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், நானும் திரும்பிப் பார்ப்பேன். அதில் எனக்குப் பெருமைதான். பெருமையாக இருந்தது என்று இறந்தகாலத்தில் எழுதியிருக்க வேண்டும்.

இந்தக் கதையில் எதையும் வெட்டப்போவதில்லை. பாதியில் நின்ற வாக்கியம் நின்ற இடத்திலேயே நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் ஒன்று.

"திங்கட்கிழமை காலை அம்மா வாந்தி எடுத்தபோது வெளியே மழை கொட்டிக்"

மழை பெய்யவில்லை. பெய்தால் கதைக்கு நன்றாக இருக்குமே என்று கை தானாக எழுதிவிட்டது.

தொடக்கம் இரண்டு.

"பிரசவத்துக்குத் தவிர, எழுபத்து மூன்று வயது வரை அம்மா ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. நான்கு பெற்றாள், இருவர் தங்கினோம். எல்லோரிடமும் அன்பாகப் பழகிய"

இது உண்மைதான். ஆனால் இரங்கல் செய்தி வாடை அடிக்கிறது. ஆயிரம் இரங்கல் செய்திகளாவது என் கைப்பட்டுப் போயிருக்கும். செத்தவர்கள் அத்தனை பேரும் எல்லோரிடமும் அன்பாகத்தான் பழகியிருந்தார்கள்.

தொடக்கம் மூன்று.

"அம்மா நிறையப் பேசுவாள்."

இது போதும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

அம்மா முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்தவள். எட்டு மணி வண்டி எப்போது வரும் என்று ஒருவர் கேட்டால், எட்டுப் பத்துக்கு வரும், ஆனால் அதில் ஏறாதீங்க, நிற்கக்கூட இடம் இருக்காது, எட்டு இருபதுக்கு இன்னொன்று இருக்கிறது, கொஞ்சம் சுற்றிக்கொண்டு போனாலும் உட்கார்ந்து போகலாம், போன வாரம் இப்படித்தான் ஒருத்தர் அவசரப்பட்டு... என்று அவள் முடிப்பதற்குள் எட்டு மணி வண்டி போய்விட்டிருக்கும். பின்னால் வரிசை திட்டிக்கொண்டு நிற்கும். அவளுக்கு அது காதிலேயே விழாது. கேட்டவருக்கு முழுசாகச் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது அவள் கட்சி.

ஓய்வு பெற்ற பிறகு கவுண்டரை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அக்கா வேறு ஊரில் இருக்கிறாள். தினமும் மதியம் ஒரு மணிக்கு அவளுக்குப் போன் போகும். மிச்ச நேரமெல்லாம் நான் மாட்டிக்கொள்வேன்.

நான்கு வருடம் முன்பு அப்பா போனார். அதிலிருந்து அம்மா இளைத்துக்கொண்டே வந்தாள். கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறி இறங்கும். "ஃபேன் போட்டா பறந்துடப் போற" என்று கேலி செய்வோம். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.*

(* இளைத்ததுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. இந்தக் குறிப்பு கீழே வர வேண்டியது. கீழே போய்ப் படித்தால் நீங்களும் கேலியைக் கேலியாகவே படித்துவிட்டு வருவீர்கள். அதனால் இங்கேயே போடுகிறேன்.)

3

தொடை வலி, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ஏழு மாதம் முன்பு ஆரம்பித்தது. இதை அம்மா சொன்னபடியே எழுதுகிறேன். நான் வீட்டு மேசையில் மறுநாள் நாளிதழ்ப் பக்கத்தின் அச்சுப்படியை விரித்து வைத்து வெட்டிக்கொண்டிருந்தேன்.

"தொடைக்கு உள்பக்கமா, மேலேருந்து முட்டி வரைக்கும் இழுக்குதுடா. காலை நீட்டினா வலி. மடக்கி, கீழ ஒரு தலகாணி வச்சா குறையுது. இதுல என்ன விசேஷம்னா, அந்த வலி வர்ற அன்னிக்கெல்லாம் வயிறும் உப்பிக்குது, பெரட்டுது. அப்புறம் ரெண்டும் சேர்ந்தே போயிடுது."

"ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லம்மா. அது மூட்டு வலி, இது கேஸ்."

"சம்பந்தம் இல்லாமயா ரெண்டும் ஒண்ணா வந்து ஒண்ணா இறங்கும்? ஒரே டிக்கெட்ல வந்த மாதிரில்ல வருது!"

நான் சிரித்தேன்.

(துணையாசிரியனாக எனக்கே ஒரு சந்தேகம். 'ஒரே டிக்கெட்' என்று அம்மா உண்மையிலேயே சொன்னாளா, அல்லது கதைக்காக நான் சேர்க்கிறேனா? மழையைச் சேர்த்தவன்தானே. ஆனால் நான் சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. சிரித்திருந்தால் அவள் சொல்லியிருக்க வேண்டும்.)

இதே பேச்சை அவள் பத்துத் தடவையாவது எடுத்திருப்பாள். எடுக்கும்போதெல்லாம் நான் சம்பந்தம் இல்லம்மா என்றேன். தெருமுனை கிளினிக் டாக்டரிடம் போனபோது வயிற்றை மட்டும் சொல்லச் சொன்னேன். அவர் வாயுவுக்கு மாத்திரை கொடுத்தார்.

4

திங்கட்கிழமை வாந்தி ஆரம்பித்து, புதன்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இப்போது டியூட்டி டாக்டர் கதைக்குள் வர வேண்டும். அவரை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

"நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டாக்டர் பேனாவை"

இல்லை. நிமிர்ந்து பார்த்தார்.

"கொட்டாவியை அடக்கிக்கொண்டு அந்த இளம்"

கொட்டாவி விட்டது நான்.

அவர் நல்ல டாக்டர். கதைக்கு அது பெரிய தொந்தரவு. முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். வெளியே தாழ்வாரத்தில் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். அப்படியிருந்தும் நாற்காலியை இழுத்து அம்மாவின் கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்கம்மா, எப்போலேருந்து?"

"அது வந்து டாக்டர், ஏழு மாசம் முன்னாடி ஒரு நாள், துணி காயப்போட மாடிக்கு ஏறினேனா..."

"அம்மா, வாந்தி எப்போலேருந்துன்னு கேக்கறாங்க." இது நான்.

"அதத்தான்டா சொல்ல வர்றேன். படில காலை எடுத்து வைக்கும்போது இந்தத் தொடையில..."

"அது மூட்டு வலி டாக்டர், பழசு. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நான் சொல்றேன்."

சொன்னேன். திங்கள் காலையிலிருந்து வாந்தி, முதலில் சாப்பிட்டது, பிறகு பச்சையாக. விட்டு விட்டு வயிற்று வலி. மூன்று நாளாக மலம் இல்லை, நேற்றிலிருந்து காற்றும் பிரியவில்லை. வயிற்றில் இதுவரை ஆபரேஷன் எதுவும் இல்லை. சர்க்கரை இல்லை. பிரஷருக்கு ஒரு மாத்திரை. ஆறு வரி. அப்படியே முதல் பக்கத்தில் போடலாம், அவ்வளவு கச்சிதம்.

"இவ்வளவு தெளிவா சொல்றவங்க கிடைக்கறதே கஷ்டம் சார்," என்றார் டாக்டர்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அம்மா வலியில் படுத்திருக்கிறாள், எனக்குப் பாராட்டு கிடைத்த சந்தோஷம்.

அம்மா என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. கவுண்டரில் அவள் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆள் வண்டியைப் பிடிக்க ஓடிவிட்டால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. அப்புறம் வலது முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், தொடை இடுக்கில் வெளியே வீக்கம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. எல்லாம் சரியாகத்தான் செய்தார்.

(இந்நேரம் உங்களுக்கு என் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் நான் சரியாக எழுதவில்லை என்று அர்த்தம்.)

5

எக்ஸ்ரேயில் குடல் அடைப்பு என்று தெரிந்தது. எதனால் என்று தெரியவில்லை. பழைய ஆபரேஷன் தழும்பில் குடல் ஒட்டிக்கொள்வதுதான் வழக்கமான காரணம், அம்மாவுக்குத் தழும்பே இல்லை. மூக்கு வழியாக வயிற்றுக்குள் ஒரு குழாய், கையில் சலைன், வாய்க்கு ஒன்றும் இல்லை. தானாகவே திறந்துகொள்ளலாம், இரண்டு நாள் பார்ப்போம் என்றார்கள். குழாய் தொண்டையில் இருந்ததால் அம்மாவால் பேச முடியவில்லை. கை ஜாடையில் ஏதோ சொன்னாள். தலையணை கேட்கிறாள் என்று புரிந்து, தலைக்கு ஒன்று வைத்தேன். அவள் கேட்டது முழங்காலுக்குக் கீழே வைப்பதற்கு. அதை நர்ஸ்தான் கண்டுபிடித்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஜுரம் வந்தது, வயிறு பலகை மாதிரி விறைத்துவிட்டது. அறுவை மருத்துவர் வந்தார், எல்லோரும் பெரிய டாக்டர் என்று கூப்பிடுகிறவர். உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முதல் வண்டி பிடித்து அக்காவும் வந்து சேர்ந்திருந்தாள். பெரிய டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில் காட்டி, பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து சொன்னார்.

"இடுப்பெலும்புல ரெண்டு பக்கமும் ஒரு ஓட்டை இருக்கும். சவ்வு மூடியிருக்கும், ஒரு நரம்பு போக மட்டும் சின்ன வழி. அதைச் சுத்திக் கொழுப்பு இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்ல. ரொம்ப மெலிஞ்சுட்டா கொழுப்பு கரைஞ்சு வழி பெருசாகும், குடல் உள்ள போய் மாட்டிக்கும். வெளிய வீக்கமே தெரியாது. என் இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இது ரெண்டாவது."

நாங்கள் தலையாட்டினோம்.

"ஒரே ஒரு அறிகுறி உண்டு. அந்த நரம்பு நசுங்கும்போது தொடை உள்பக்கமா முட்டி வரைக்கும் வலிக்கும். காலை நீட்டினா அதிகமாகும், மடக்கினா குறையும். அப்பப்ப வரும், போகும். அம்மா அப்படி ஏதாவது சொன்னாங்களா?"

இங்கே வாக்கியத்தை எழுதி எழுதி அடித்திருக்கிறேன். "என் நாக்கு", "ஒரு கணம்", "தரை நழுவி". எல்லாம் பொய். தரை இருந்த இடத்தில்தான் இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் டாக்டரைப் பார்த்து, "இல்ல டாக்டர்" என்றேன். சாதாரணமான குரலில் சொன்னேன்.

"சில பேருக்கு இருக்காது," என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார்.

6

மாட்டியிருந்த குடலை வெளியே எடுத்தார்கள். இரண்டு அடிக்குக் கிட்டே கறுத்து அழுகியிருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு நல்ல முனைகளைச் சேர்த்துத் தைத்து, ஓட்டையையும் மூடினார்கள். இரண்டு நாள் முன்னால் என்றால் வெட்டாமலே வெளியே இழுத்து விட்டிருக்கலாம் என்றார் பெரிய டாக்டர். யாரையும் குறை சொல்லும் தொனி அதில் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் மதியம் மூக்குக் குழாயை எடுத்தார்கள். அக்கா குளிக்கப் போயிருந்தாள், நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். அம்மாவின் குரல் கரகரவென்று இருந்தது.

"டேய்."

"பேசாதம்மா, ரெஸ்ட் எடு."

"தொடை வலி போயிடுச்சுடா."

நான் போர்வையை இழுத்து விட்டேன்.

"வயித்துலதானே கிழிச்சாங்க? தொடை வலி போயிடுச்சு பாரு. நீட்டறேன், ஒண்ணும் பண்ணல." போர்வைக்குள் காலை நீட்டிக் காட்டினாள். "நான் சொன்னேன்ல. ஒரே டிக்கெட்டுன்னு."

அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. குத்திக் காட்டுவதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அம்மாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தான் சொன்னது சரியாகப் போனதில் ஒரு சின்னத் திருப்தி, அவ்வளவுதான். அதை என்னோடு பகிர்ந்துகொண்டாள்.

ஆறாம் நாள் தையல் போட்ட இடம் கசிந்தது. மறுபடி ஜுரம், மறுபடி குழாய், செயற்கைச் சுவாசம். அதன் பிறகு அவள் பேசவில்லை. ஒன்பதாம் நாள் காலை பதினொன்றே காலுக்குப் போய்விட்டாள்.

நான்தான் கொன்றேன். இந்த வாக்கியத்தையும் வெட்டப்போவதில்லை.

7

மாற்று முடிவு. இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

புதன்கிழமை பத்து மணி. டாக்டர் எப்போதிலிருந்து என்று கேட்கிறார். மகன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அம்மா மாடிப்படியில் ஆரம்பித்து, தலையணை வழியாக, தெருமுனை கிளினிக் டாக்டர் மேசையில் இருந்த மீன் தொட்டியையும் சொல்லிவிட்டு, ஒரே டிக்கெட்டுக்கு வந்து சேர்கிறாள். மொத்தம் நான்கு நிமிடம். (அவள் பேசுகிற மாதிரியே நான் வாய்விட்டுப் பேசிப் பார்த்து, கடிகாரத்தை வைத்து அளந்தது. நான்கு நிமிடம் பத்து விநாடி.) டாக்டருக்கு ஏதோ தட்டுகிறது. அம்மாவின் வலது காலை நீட்டி உள்பக்கம் திருப்புகிறார். அம்மா கத்துகிறாள். மதியமே ஸ்கேன், மாலையே ஆபரேஷன். குடல் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. பத்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

அதற்கப்புறம் பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் கதை முழுசாக நடக்கிறது. நாற்பது நிமிடம். "இவன் சம்பந்தமில்ல சம்பந்தமில்லன்னான், அந்தப் பொண்ணு டாக்டர்தான் கப்புனு புடிச்சுது" என்று என்னைக் காட்டிச் சொல்லிச் சிரிக்கிறாள். நான் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். சாத்திய பிறகும் கேட்கிறது. அவள் பேசிக்கொண்டே இருக்

இதற்கு மேல் முடியவில்லை.

8

இப்போது மேசையில் இருக்கும் தாளுக்கு வருகிறேன். கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "தொடை வலி இருந்ததாக நோயாளி கூறவில்லை." அதிலிருந்து கிளம்பித்தான் நான்காம் பக்கத்துக் கடைசி வரி வருகிறது: "ஆகவே இந்த நோயாளியிடம் நோயை முன்கூட்டியே கண்டறிய வழி இருக்கவில்லை."

நல்ல வாக்கியம். தொழில் முறையில் சொல்கிறேன், ஒரு சொல் கூடுதல் இல்லை. கிளினிக் டாக்டர், டியூட்டி டாக்டர், பெரிய டாக்டர், நான், நான்கு பேரையும் ஒரே வரியில் விடுதலை செய்துவிடுகிறது. அதற்கு விலையாக அம்மா ஒன்றுமே சொல்லாதவளாகிறாள். வாழ்நாள் முழுக்கப் பேசிய பெண்பிள்ளை. தன் நோயைத் தானே கண்டுபிடித்து, ஏழு மாதம் சொல்லிக்கொண்டிருந்தவள். அவளைப் பற்றி அச்சில் வரப்போவதே இந்தக் கட்டுரை ஒன்றுதான், அதில் அவள் வாய் திறக்கவில்லை.

திருத்துவது சுலபம். 'கூறவில்லை' என்பதை 'பலமுறை கூறினார்' என்று மாற்ற வேண்டும். ஓரத்தில், 'மகன் மறைத்தார்' என்று எழுத வேண்டும். பேனாவை எடுத்தேன். எழுதுவதற்கு முன் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அவளுக்கு ஒன்றும் தெரியாது, தாளில் பார்த்து அதிர்ந்துவிடக் கூடாது.

9

மதியம் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இன்னும் இல்லக்கா. ரெண்டாம் பக்கத்துல ஒரு வரி தப்பா இருக்கு."

எந்த வரி என்று அவள் கேட்கவில்லை.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"என்கிட்டயும் சொல்லியிருக்காடா. எத்தனையோ தடவை. தைலம் தேய்ச்சுக்கோன்னேன். ஒரு தடவை, இதையே எத்தன நாளைக்கும்மா சொல்லுவேன்னு போனை வச்சுட்டேன். அந்த டாக்டர் கேட்டப்ப நீ இல்லன்னு சொன்ன பாரு, எனக்கு உயிரே வந்துது."

மதியம் ஒரு மணிப் போன். அம்மா எதைத்தான் யாரிடம்தான் சொல்லாமல் விட்டாள்? எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை.

"நான் திருத்தப்போறேன்க்கா."

"வேண்டாம்டா."

"அம்மா சொன்னதுக்கா."

"சொன்னாதான். நான் இல்லங்கல." அவள் அழவில்லை. அழுது முடித்த குரல் அது. "அந்தக் கடைசி வரி இருக்குல்ல, வழி இருக்கவில்லைன்னு. அதை ஒரு தடவை படிச்சுட்டுத்தான்டா படுக்கறேன். அதையும் நீ எடுத்துட்டா நான் எங்க போவேன்?"

இதுதான் நான் வந்து நிற்கும் இடம். திருத்தினால் அம்மா பேசினாள் என்பதற்கு உலகத்தில் ஒரு தாளாவது மிஞ்சும். அக்காவுக்குத் தூக்கம் போகும், தூக்கத்தோடு வேறு என்னென்ன போகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா ஏற்கெனவே இல்லை, அக்கா இருக்கிறாள். இப்படிக் கணக்காக யோசிக்கும்போதே, அம்மாவை இன்னொரு தடவை குறுக்கே பேசி நிறுத்துகிறேன் என்றும் தெரிகிறது.

இந்தக் கதையை அச்சுக்குக் கொடுத்தால் தாளைத் திருத்தியது மாதிரிதானே என்று நீங்கள் கேட்கலாம். கதை என்று மேலே போட்டிருக்கிறது, நம்ப வேண்டாம் என்று அக்காவுக்கு ஒரு வழி இருக்கும். உங்களுக்கும் இருக்கிறது. எனக்கு இல்லை.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் நல்லவனாக வருகிறேன், அதனால் மூன்றும் பொய். தாளைத் திருத்துவதா வேண்டாமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அக்கா இன்னும் போனை வைக்கவில்லை.